புதன்கிழமைத் தங்கம்

அந்தக் கம்பெனியில் கணவன் தங்கத்தைக் காய்ச்சினான்; மனைவி அதை அளந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு தாழ்வாரமும் இரண்டு கண்ணாடிக் கதவுகளும் இருந்தன. வீட்டில் அவ்வளவு இடைவெளி கிடையாது என்பதால், வேலை விஷயத்தை வாசற்படிக்கு வெளியே விட்டுவிட வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே பேசி வைத்திருந்தார்கள். பேசியபடியே பல வருடம் காப்பாற்றியும் வந்தார்கள். அதில் இருவருக்கும் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தங்கம் என்றதும் மஞ்சளாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொதிக்கிற நீரில் தங்க உப்பைக் கரைத்து, எலுமிச்சைப் புளிப்பின் உப்பான சிட்ரேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றினால் மஞ்சள் வெளுக்கும், பிறகு கறுக்கும், அப்புறம் மெல்ல மெல்லச் சிவக்கும். கடைசியில் குடுவையில் நிற்பது திராட்சைச் சாறு போன்ற ஒரு செந்நீர். அதில் மிதக்கும் தங்கத் துகள்களைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக நிறுத்தினால் ஆயிரக்கணக்கில் நிற்கும். கர்ப்பமா, தொற்றா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பரிசோதனைப் பட்டிகளில் ஒரு சிவப்புக் கோடு எழும்புகிறதே, அந்தச் சிவப்பு இந்தத் தங்கம்தான். கம்பெனி அதைப் புட்டி புட்டியாக விற்றது.

நாள் முழுக்க அடுப்படியிலேயே நிற்பதால் கணவனுக்கு 'கஷாயம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவிக்கு 'தராசு'. இரண்டு பெயரும் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டதில்லை. இருவருக்கும் தெரியாமலும் இல்லை.

தராசின் வேலை இப்படி. கடற்பாசிப் பொடியைத் தண்ணீரில் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் கெட்டியாகி, ஒளி ஊடுருவும் ஒரு வில்லை கிடைக்கும். அதைத்தான் ஜெல் என்பார்கள். அதன் ஒரு ஓரத்தில் சீப்பு வைத்துச் சின்னச் சின்னக் குழிகள் எடுத்திருப்பாள். தங்கத் துகள்களுக்கு ஒரு பூச்சுப் பூசி, குழிக்கு ஒரு சொட்டாக விட்டு, வில்லையை உப்பு நீரில் அமிழ்த்தி மின்சாரத்தைப் பாய்ச்சுவாள். பூச்சில் எதிர்மின்சாரம் ஏறியிருப்பதால் துகள்கள் நேர்முனையைப் பார்த்து நடக்கத் தொடங்கும். சின்னது ஜெல்லின் இடுக்குகளில் புகுந்து முந்திவிடும். பெரியது திணறிப் பின்தங்கும். பக்கத்துக் குழிகளில் அளவு தெரிந்த துகள்களை ஓடவிட்டால், எது எங்கே நிற்கிறது என்று பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம். எல்லாத் துகளும் ஒரே அளவென்றால் ஒரே கோடு. அவ்வளவுதான் சூட்சுமம்.

அவள் கணவனின் தங்கம் எப்போதும் ஒரே கோடு. "ஒரே அளவு, ஒரே தரம்" என்று மேலாளர் முன்கூடத்தில் பலகையே மாட்டியிருந்தார்.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தராசுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேச்சு இல்லை. அதற்கும் காரணம் இந்தத் தங்கம்தான். தன் பெண் தங்கத்தில் வேலை பார்க்கிறாள் என்று அம்மா உறவில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை. கேட்டவர்கள் நகைக்கடை என்று எடுத்துக்கொண்டார்கள், அம்மா திருத்தவில்லை. தம்பி வீட்டில் எல்லாரும் கூடியிருந்த ஒரு நாள், சித்தி ஒருத்தி சேதாரம் போடாமல் ஒரு சங்கிலி செய்து தர முடியுமா என்று கேட்டுவிட்டாள். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் தங்கம் கண்ணுக்கே தெரியாது, கழுத்தில் போட முடியாது, பெட்டியில் பூட்டவும் முடியாது என்று விளக்கவுரை ஆற்றினாள். கூட்டம் சிரித்தது. அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "கண்ணுக்குத் தெரியாத தங்கத்துக்கா உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன்?" என்றாள். மகள் சும்மா இருந்திருக்கலாம். "கண்ணுக்குத் தெரியிற தங்கத்துக்கு முன்னாடி பல்லைக் காட்டத்தான் உனக்குத் தெரியும்" என்றாள். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அதற்குப் பிறகு இருவரில் யார் முதலில் பேசுவது என்பது ஒரு மானப் பிரச்சினையாகி, ஊறிப்போய்விட்டது. கணவன் இரண்டொரு முறை சமாதானம் பேசிப் பார்த்துவிட்டு, மாமியார் பேச்சையே வீட்டில் எடுக்காமல் விட்டான். அவனும் தன் பக்கம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை ஜெல்லில் இரண்டு கோடுகள் நின்றன.

ஒன்று வழக்கமான இடத்தில். இன்னொன்று அதற்குப் பின்னால், கொஞ்சம் கருஞ்சிவப்பாக. தராசு முதலில் தன்னையே சந்தேகித்தாள். பூச்சு எல்லாத் துகளிலும் ஒன்றுபோல் ஏறாவிட்டாலும் இப்படி ஆகும். பூச்சை இரண்டு மடங்காக்கி ஓட்டினாள், அப்போதும் இரண்டு. பின்தங்கிய கோட்டைப் பிளேடால் வெட்டியெடுத்து, ஜெல்லைப் பிழிந்து தங்கத்தை மீட்டு, புது ஜெல்லில் மறுபடி ஓட்டினாள். அது அங்கேயும் பின்தங்கியே நின்றது. ஆக, ஜெல் மேல் குற்றமில்லை. அந்தப் புட்டியில் இரண்டு அளவுத் துகள்கள் இருந்தன. பின்னால் நின்றது ஏறக்குறைய இரு மடங்கு பெரியது.

தாழ்வாரத்தைக் கடந்துபோய்க் கணவனிடம் காட்டினாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"ஜெல் சரியா உறையலையோ என்னமோ" என்றான்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"கரண்ட் ஏத்தம் இறக்கமா இருந்திருக்கும்."

"பக்கத்துக் குழிக்கும் அதே கரண்ட்தான். அது ஒழுங்கா ஒரு கோடா நிக்குது."

அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று மாலை வீடு திரும்பும்போது பேருந்தில் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தான். மனைவி தன் சமையலைக் குறை சொன்னால் ஒரு மனிதன் தாங்கிக்கொள்வான். தன் காய்ச்சலைக் குறை சொன்னால் எப்படித் தாங்குவது? வேலை விஷயம் வாசற்படிக்கு வெளியேதான் நின்றது. ஆனால் கதவுச் சந்து வழியாக இருவரையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். மற்ற நாள் தங்கமெல்லாம் ஒழுங்காக இருக்க, புதன்கிழமை காய்ச்சியது மட்டும் இரண்டாகப் பிரிந்து நின்றது. அப்புறம் வந்த புதன்கிழமை தராசு தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு, தாழ்வாரத்தில் நடந்து, காய்ச்சும் அறையின் கண்ணாடிக் கதவருகே போய் நின்றாள்.

குடுவை கொதித்துக்கொண்டிருந்தது. கணவனின் வலது கையில் சிட்ரேட் நிரம்பிய அளவுக் குழாய். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். கதவில் "உள்ளே போன் பேசக் கூடாது" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவனே அவன்தான்.

"முட்டிக்கு அந்தத் தைலத்தையே போடுங்க அத்தை. டாக்டர் எப்போ கூப்பிடுவாராம்?" என்று அவன் சொல்வது கேட்டது.

அத்தை என்று அவன் கூப்பிடுவதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. தராசு வந்த வழியே திரும்பினாள். அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக வாராவாரம் புதன்கிழமை மூட்டு வைத்தியம் என்பதும், வைத்தியர் அறைக்கு வெளியே காத்திருக்கும் நேரத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிடுவாள் என்பதும் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், தன் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டணி நடக்கிறது என்பதுதான். அன்று ராத்திரி பாத்திரங்களை அவள் வைத்த வேகத்தில் கணவன் ஏதோ புரிந்துகொண்டு சீக்கிரமே படுக்கப் போனான்.

கேட்டிருப்பாள். அதற்குள் மேலாளர் வந்து நின்றார். பரிசோதனைப் பட்டி செய்யும் பெரிய கம்பெனி ஒன்றின் அதிகாரி அம்மாள் நேரில் வரப்போகிறாள். மாதிரிப் புட்டிகளில் ஒரு கோடுதான் தெரிய வேண்டும். மற்ற நாள் சரக்கெல்லாம் விற்றுப்போயிற்று, சுத்தமானது கையிருப்பில் போதாது என்றாள் தராசு. அப்படியென்றால் கலந்ததைப் பிரித்துக் கொடுக்கும்படி சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அரிசியில் கல் பொறுக்கச் சொல்வதுபோல் அவ்வளவு சுலபமாகச் சொன்னார். தராசு வாரம் முழுக்க ஜெல் மேல் ஜெல்லாக ஓட்டி, கோடு கோடாக வெட்டி, முந்தியவற்றை ஒரு சின்னக் குப்பியிலும் பின்தங்கியவற்றை இன்னொன்றிலும் சேர்த்தாள். முதல் குப்பியில் கம்பெனியின் பெயரை ஒட்டினாள். இரண்டாவதில் 'கழிவு' என்று எழுதினாள்.

அதிகாரி அம்மாள் அதிகம் பேசாதவள். பலகையைப் பார்த்தாள், ஜெல்லைப் பார்த்தாள், மேலாளர் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினாள். கிளம்பும்போது மேஜை ஓரத்தில் இருந்த இரண்டாவது குப்பியைக் கையில் எடுத்து, இது ஏன் இவ்வளவு கருஞ்சிவப்பாக இருக்கிறது என்று கேட்டாள். தராசு வாயைத் திறப்பதற்குள் மேலாளர் குப்பியின் பெயர்ச்சீட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"அது எங்க அடுத்த ரகம். இன்னும் வெளியில விடல" என்றார். சீட்டை நைசாக உரித்துவிட்டு, குப்பியை மாதிரியாக அவளிடமே கொடுத்தனுப்பினார்.

இரண்டு நாளில் தகவல் வந்துவிட்டது. பெரிய துகள்கள் பட்டியில் பளிச்சென்று கோடு போடுகின்றன. கண் மங்கிய வயதானவர்களுக்குக்கூடத் தெரிகிறது. சின்னது வேண்டாம். கழிவுதான் வேண்டும், நிறைய வேண்டும், ஒரே அளவில் வேண்டும்.

மேலாளர் கஷாயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கஷாயத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் தங்கத்தை எப்படிச் செய்தோம் என்று அவனுக்கே தெரியாது. தப்பு நடந்ததாகவே அவன் இன்னும் முழு மனதாக ஒத்துக்கொண்டிருக்கவில்லை. இப்போது அந்தத் தப்பைக் கலப்பில்லாமல் செய்யச் சொன்னால்? சூட்டைக் குறைத்துப் பார்த்தான். அடியில் கருநீலச் சேறு தங்கிற்று. சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பார்த்தான்; ஜெல்லில் கோடே இல்லை, நீளமாக ஒரு கறை. மேலாளர் தினமும் வந்து அறையில் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கியதால், பயந்துபோய்ப் போனை அணைத்து வைத்தான். அதனால் புதன்கிழமைத் தங்கமும் மற்ற நாள் தங்கம்போலவே உத்தமமாகச் சிவந்து, ஒரே கோடாக, யாருக்கும் வேண்டாத அளவில் வந்து நின்றது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். இங்கே புதன் வாராவாரம் தவறாமல் வந்தது, பொன்தான் வரவில்லை.

காரணம் தெரிந்த ஒரே ஆள் தராசு. அதைச் சொன்னால், அம்மா விஷயம் தனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னபின் கோபப்பட்டே ஆக வேண்டும். கோபப்பட்டால் தங்கம் வராது. சில நாள் தாக்குப்பிடித்தாள். அப்புறம் ஒரு காலையில், கணவன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது, வாசற்படிக்கு உள்ளே நின்றே சொன்னாள்.

"புதன்கிழமை போனை அணைச்சு வைக்காதீங்க."

அவன் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"தெரியும். அதை விடுங்க. என்ன பேசுவாங்க அம்மா?"

அவன் ஷூ கட்டாத காலோடு நாற்காலியில் சாய்ந்தான். மூட்டு வலி, தண்ணீர்க் குழாய், தம்பி பெண்டாட்டியின் அலட்சியம் என்று எல்லாம் பேசுவாளாம். கடைசியில், டாக்டர் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பாளாம்.

"'அவ கோபம் தீந்துச்சா மாப்பிள்ளை?'ன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? ஆமான்னா பொய். இல்லைன்னா அவங்களால தாங்க முடியாது. ஊத்துற கை அப்படியே நின்னுடும். கொஞ்ச நேரம் யோசிப்பேன். அப்புறம் 'தீந்துடும் அத்தை'ன்னு சொல்லிட்டு மீதியை ஊத்துவேன்."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, அவன் விட்ட நாடாவைத் தானே கட்டத் தொடங்கினாள். அதே நேரம் மூளை விறுவிறுவென்று வேலை செய்தது. பாதி சிட்ரேட்டில் சில துகள்கள் மட்டும் பிறந்து, கிடைத்த தங்கத்தையெல்லாம் தின்று பெருத்திருக்கின்றன. பிறகு மீதியை ஊற்றியதும் மிச்சத் தங்கத்தில் ஒரு புதுக் கூட்டம் சின்னதாகப் பிறந்திருக்கிறது. இரண்டாவதை ஊற்றாமலே விட்டால் பெரியது மட்டும் நிற்கும். எவ்வளவில் கை நிற்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

"குழாய்ல எந்தக் கோட்டுல நிறுத்துவீங்க?"

"அத்தை அழுற மாதிரி கேக்குறப்போ நான் கோட்டையா பாத்துக்கிட்டு இருப்பேன்?" என்றான்.

அடுத்த புதன்கிழமை மேலாளரை வேறொரு சாக்குச் சொல்லி மேல்மாடிக்கு அனுப்பினார்கள். தராசு அளவுக் குழாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, கையில் பேனாவோடு நின்றாள். அவள் வேலை ஒன்றே ஒன்று: கை நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது. வாயைத் திறக்கக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். போன் மேஜைமேல் ஒலிபெருக்கியில் இருந்தது.

அம்மாவின் குரலை ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்டாள். கொஞ்சம் மெலிந்திருந்தது. புது மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதாம். மாடிப்படி ஏற முடியவில்லையாம். பின்னால் யாரோ நர்ஸ் ஒருத்தி வரிசை எண்ணைக் கூப்பிட்டாள். கணவன் ஊற்றத் தொடங்கினான். குடுவைக்குள் மஞ்சள் வெளுத்தது.

"மாப்பிள்ளை, அவ கோபம் தீந்துச்சா?"

கை நின்றது. குறிக்க வேண்டிய கணம் அதுதான். தராசு குழாயைப் பார்க்கவில்லை. கணவனின் முகத்தைப் பார்த்தாள். வாராவாரம் இந்த இடத்தில் இப்படி ஒரு முகத்தோடா நின்றுகொண்டிருந்தான் என்று நினைத்தாள்.

"மாப்பிள்ளை? இருக்கீங்களா?"

"தீந்துடுச்சும்மா" என்றாள் மகள்.

அதிர்ச்சியில் கணவனின் மணிக்கட்டு மடங்கிவிட்டது. மிச்ச சிட்ரேட் முழுவதும் ஒரே மடக்காகக் குடுவைக்குள் இறங்கிற்று. போனின் அந்தப் பக்கம் அம்மா, "எங்கேருந்துடி பேசுற, சாப்பிட்டியா?" என்றாள். நர்ஸ் மறுபடி எண்ணைக் கூப்பிட்டாள். அம்மா எழுந்து போகவில்லை. தாயும் மகளும் பேசினார்கள். யார் மேல் தப்பு என்ற இடத்துக்கு மட்டும் இருவருமே போகாமல், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கணவன் அடுப்பைப் பார்த்தபடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

குடுவையில் இருந்தது நன்றாகச் சிவந்தது. கை நின்றது இந்த முறை ஒரு கணமே என்பதால், எந்தத் துகளுக்கும் தனியாகப் பெருக்க நேரம் கிடைக்கவில்லை. ஜெல்லில் அது ஒரே கோடாக, வழக்கமான இடத்தில், அப்பழுக்கில்லாமல் நின்றது. மேலாளர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இவ்வளவு சுத்தமாகச் செய்ய யார் சொன்னது என்று கத்தினார். கணவனும் மனைவியும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை மறைக்க வேறு வழி இல்லை.

அடுத்த புதன்கிழமை அம்மா போன் செய்தாள். ஆனால் கேட்பதற்கு அந்தக் கேள்வி இல்லை. கை நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆர்டர் கைவிட்டுப் போகாமலிருக்க ஒரே வழி, உட்கார்ந்து உழைப்பதுதான் என்று ஆயிற்று. கால் பங்கு ஊற்றி நிறுத்துவது, மூன்றில் ஒரு பங்கு ஊற்றி நிறுத்துவது, அரைப் பங்கு ஊற்றி நிறுத்துவது என்று கணவன் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தான். மனைவி ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். சில கறை, சில சேறு. கடைசியில் ஒரு நாள் பின்தங்கிய இடத்தில் மட்டும், தனியாக, கருஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. மறுநாளும் அங்கேயே விழுந்தது. அன்று மாலை இருவரும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக வேலை விஷயமே பேசினார்கள். வீட்டுக்குள் போயும் நிறுத்தவில்லை.

புட்டிகள் போயின. மேலாளர் ஒரு கூட்டத்தில், இந்த ரகம் பல வருடத் திட்டமிட்ட ஆராய்ச்சியின் பலன் என்று பேசிக் கைதட்டு வாங்கினார். பின்வரிசையில் இருந்த இருவரும் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் தட்டினார்கள்.

அம்மா இப்போது மாப்பிள்ளையைக் கூப்பிடுவதில்லை. நேராக மகளையே கூப்பிடுகிறாள். புதன்கிழமை மட்டும் இல்லை, வைத்தியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சரியாக, தராசு மூச்சைப் பிடித்துக்கொண்டு குழிக்கு ஒரு சொட்டாகத் தங்கம் விட்டுக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. சொட்டு நழுவிப் பக்கத்துக் குழிக்குள் விழுந்து, ஒரு முழு வரிசை வீணாகும். "சொல்லும்மா" என்பாள், கையுறையைக் கழற்றிவிட்டு, ஈரக்கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்.